துண்டுத் தாளும் தேசபக்தனும்: தோட்டத்தின் பூட்டிய வாசல்களைத் திறந்த நடேசய்யர்

1921ஆம் ஆண்டு வரை, ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய மலையகத் தொழிலாளிக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. அதன் பெயர் துண்டு. இன்ன தொகை கடனைக் கட்டிவிட்டால் இந்த ஆட்களை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாள் அது. பெரும்பாலும் கங்காணியின் கையில்தான் இருக்கும். புதிய தோட்டத்துத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் புதிய தோட்டத்துக் கணக்கில் ஏறும்.

அந்தத் தாளில் தொழிலாளியின் ஊர் முக்கியமில்லை. அவர் எத்தனை வருடம் மலை ஏறினார், எத்தனை பிள்ளைகளைப் புதைத்தார், கங்காணி அவர் பெயரில் எழுதிய கடனில் எவ்வளவு உண்மை என்பதும் தாளில் வராது. ஒரு முழு மனித வாழ்வைப் பற்றித் தோட்ட உலகம் அறிந்துகொள்ள வேண்டியதாக நினைத்தது ஓர் எண்ணை மட்டுமே. அந்த எண்ணையும் சம்பந்தப்பட்டவரால் வாசிக்க முடியவில்லை.

இந்த உலகத்துக்குள் தஞ்சாவூரிலிருந்து ஒரு மனிதர் வந்தார். 1887இல் பிறந்த கோதண்டராம நடேசய்யர். பத்திரிகையாளர், தொழிற்சங்கவாதி, சட்டசபை உறுப்பினர் என்று மூன்று பெயர்களில் அவரை நினைவுகூர்கிறோம். மூன்றையும் இணைப்பது ஒரே வேலை. தோட்டத்துக்குள் நடப்பது வெளியே போகவும், வெளியே நடப்பது தோட்டத்துக்குள் வரவும் அவர் புதிய வழிகளைத் திறந்துகொண்டே இருந்தார்.

ஒரே வாசல்

அவர் வந்தபோது தோட்டத்துக்கு இருந்தது கிட்டத்தட்ட ஒரே வாசல். தென்னிந்தியக் கிராமத்தில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவர் கங்காணி. கப்பலேற்றி அழைத்து வந்தவரும் அவரே. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்து அவருக்குப் பென்ஸ் காசு கிடைத்தது. விடியற்காலையில் தப்பு அடித்ததும் பிரட்டுக்களத்தில் கூடியவர்களுக்குத் துரையின் கட்டளை அவர் வாயால் வந்தது. தொழிலாளியின் முறைப்பாடும் அவர் வாயால்தான் துரையிடம் போக வேண்டும். பெயர் பதியும் செக்ரோல் கணக்கப்பிள்ளையிடம் இருந்தது. வெளியாள் அனுமதியின்றி லயத்துக்குள் வந்தால் அத்துமீறல் குற்றம்.

இப்படிப்பட்ட சமூகத்தின் உடல்நலத்தை எப்படி அளப்பது? சம்பளத்தையும் மரண எண்ணிக்கையையும் பார்க்கலாம். இன்னொரு அளவையும் இருக்கிறது. அது தகவல் கோட்பாட்டிலிருந்து வந்தது.

1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய குளோட் ஷானன், செய்தி என்பதை அளக்கக்கூடிய ஒரு பொருளாக மாற்றிக் காட்டினார். ஒரு செய்தி நம்மிடமுள்ள நிச்சயமின்மையை எவ்வளவு குறைக்கிறதோ, அவ்வளவுதான் அதிலுள்ள தகவல். ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லும் செய்தியில் தகவல் இல்லை. எந்த வழியிலும் இரைச்சல் புகும், எந்த வழிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்பதையும் அவர் கணக்கில் கொண்டுவந்தார். அவர் யோசித்தது தொலைபேசிக் கம்பிகளைப் பற்றி. பின்னால் வந்தவர்கள் அதே கணக்கை உயிருள்ள அமைப்புகளுக்குக் கொண்டு போனார்கள்.

அவர்களில் ஒருவர் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூழலியலாளர் ராபர்ட் உலனோவிச். தெற்குப் புளோரிடாவின் சைப்ரஸ் சதுப்பு நிலத்தை அவர் உதாரணமாக எடுத்தார். அங்கே இறாலிலிருக்கும் சத்து முதலையைச் சென்றடைய மூன்று வழிகள் உண்டு: மீன்கள் வழியாக, ஆமைகள் வழியாக, பாம்புகள் வழியாக. மூன்றில் குறைந்த சேதத்துடன் சத்தைக் கொண்டு சேர்ப்பது மீன். சிக்கனம் மட்டுமே நோக்கமென்றால் மற்ற இரண்டையும் அடைத்துவிடலாம். ஆனால் ஒருநாள் மீனுக்கு நோய் வந்தால் முதலையும் சாகும். ஆமையும் பாம்பும் இருந்தால் முதலை கொஞ்சம் மெலிந்தாலும் பிழைக்கும். வழிகள் மிக அதிகமாகிச் சிதறிப் போனாலும் அமைப்பு நிற்காது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோதான் ஆரோக்கியம் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. பொருளாதாரத்துக்கும் மனித சமூகங்களுக்கும் இது பொருந்தும் என்று அவரும் அவருடன் பணிசெய்தவர்களும் எழுதினார்கள்.

இங்கே நாம் கணிதம் செய்யப் போவதில்லை. அந்தக் கணிதம் கேட்கும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: லயத்தில் நடக்கும் ஒரு விடயம், அதைத் திருத்தக்கூடியவரைச் சென்றடைய எத்தனை வழிகள் இருக்கின்றன? அந்தப் பதில் லயத்துக்குத் திரும்பி வர எத்தனை வழிகள்? கங்காணிமுறை மிகச் சிக்கனமான அமைப்பு. துரைக்கு ஆயிரம் பேருடன் பேசும் சிரமம் இல்லை, ஒருவரோடு பேசினால் போதும். அந்த ஒருவர் பொய் சொன்னால், மறைத்தால், கூட்டி எழுதினால், சரிபார்க்க இரண்டாவது வழி கிடையாது.

புடவை மூட்டையோடு ஒரு பத்திரிகையாளர்

நடேசய்யர் தொடக்கத்தில் தொழிலாளர் தலைவர் அல்ல. வணிகமும் கணக்கும் அறிந்தவர். தமிழ்நாட்டில் வர்த்தகமித்திரன் என்ற இதழை நடத்தினார். அந்தத் தொடர்பில்தான் கொழும்பிலிருந்த இந்திய வணிகர்களைச் சந்திக்க இலங்கை வந்தார். தோட்டங்களில் வாழும் தமிழரைப் பற்றிக் கேள்விப்பட்டு, நேரில் பார்க்க விரும்பினார். வெளியாள் என்பதால் வாசல் திறக்கவில்லை.

புடவை வியாபாரிக்குத் தோட்டத்துக்குள் போக இடம் உண்டு. எனவே புடவை வியாபாரியாக உள்ளே போனார் என்பது அவருடைய வாழ்க்கையில் மலையகத்தார் அதிகம் சொல்லும் சம்பவம். அடைபட்ட அமைப்பிலும் சில சின்ன வழிகள் மிஞ்சும் என்பதை அது காட்டுகிறது. துணிக்காரர், வளையல்காரர், திருவிழாவுக்கு வரும் கூத்தாடி ஆகியோரின் வாயில் செய்தி போகும் என்று தோட்டக் காவல் கணக்குப் போடவில்லை.

கண்டதை எழுதினார். பிறகு 1920ஐ ஒட்டிய காலத்தில் இலங்கையிலேயே தங்கிவிட்டார். 1921இல் தேசநேசன், 1924இல் தேசபக்தன் என்று தமிழ்ப் பத்திரிகைகள் அவரது ஆசிரியத்துவத்தில் வெளிவந்தன. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் பிறப்பதற்கு முன்பே, தோட்டத் தொழிலாளியின் கதை கொழும்பில் தமிழில் அச்சேறியது. சிட்டிசன், ஃபோர்வர்ட் என்று ஆங்கில இதழ்களையும் நடத்தினார்.

இரண்டு மொழி எதற்கு? ஆங்கிலத்தில் எழுதினால் துரைமாரும் அதிகாரிகளும் படிப்பார்கள், செய்தி மேலே போகும். தமிழில் எழுதினால் கணக்கப்பிள்ளையோ கடைக்காரரோ படித்துச் சொல்ல, செய்தி கீழே போகும். தோட்டத்தில் அதுவரை கட்டளை மட்டும்தான் கீழே வந்தது.

ஊவாவைப் பொறுத்தவரை காலமும் கைகொடுத்தது. பண்டாரவளை வரை ரயில் பாதை 1894இலேயே வந்துவிட்டது. பதுளையை அது எட்டியது 1924 ஏப்ரலில். தேசபக்தன் தொடங்கியதும் அதே ஆண்டு. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கக் கட்டிய பாதை, அச்சடித்த தாள்களை மலைக்கு ஏற்றவும் உதவும் பாதையாயிற்று.

கேள்வியும் பதிலும்

1925இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று நடேசய்யர் சட்டநிரூபண சபைக்குப் போனார். அங்கே அவர் அதிகம் செய்தது கேள்வி கேட்பது. சபையில் கேட்ட கேள்விக்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பதிவாகும், பத்திரிகையில் வரும். தோட்டத்தில் ஒருவர் அடிபட்டதோ, கூலி பிடிக்கப்பட்டதோ கங்காணியைத் தாண்டி, துரையைத் தாண்டிக் கொழும்புக்குப் போய், பதிலோடு திரும்பக்கூடிய ஒரு சுற்று உருவானது. பதில் பல சமயம் ஏமாற்றமாகவே இருந்தது. ஆனாலும் கேட்டது பதிவாகிவிட்டது என்பதே லயத்துக்குப் புதிய விடயம்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் நடேசய்யர் உபதலைவராக இருந்தார். நகரத்துச் சிங்களத் தொழிலாளியையும் இந்தியத் தொழிலாளியையும் ஒரே மேடையில் நிறுத்திய வழி அது. 1928 அளவில் அது உடைந்தது. குணசிங்க பின்னர் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கினார். இரண்டு சமூகங்களுக்கு நடுவே இருந்த ஒரு வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு அதற்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டது.

மீனாட்சியம்மையின் குரல்

பத்திரிகைக்கு ஓர் எல்லை இருந்தது. தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கொழுந்தெடுக்கும் பெண்களில் இன்னும் குறைவு. அந்த எல்லையைக் கடந்தவர் அவருடைய மனைவி மீனாட்சியம்மை. தோட்டத்து மக்கள் கூடும் இடங்களில் நின்று பாடினார். தொழிலாளர் நிலைமையைச் சொல்லும் பாட்டுகளை எழுதி, 1940இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். பத்திரிகைப் பணியிலும் அவருக்குப் பங்குண்டு.

தகவல் கோட்பாட்டில் மிகைமை என்று ஒரு கருத்து உண்டு. ஒரே செய்தியைச் சற்றுக் கூடுதலான அடையாளங்களோடு அனுப்பினால், வழியில் ஒரு பகுதி தொலைந்தாலும் மீதியை வைத்து முழுச் செய்தியையும் மீட்டுவிடலாம். பாட்டு அப்படிப்பட்டது. ஒரு சொல்லை மறந்தால் எதுகை எடுத்துக் கொடுக்கும். ஓர் அடியை மறந்தால் மெட்டு நினைவூட்டும். துண்டுப் பிரசுரத்தைக் கங்காணி பறித்துக் கிழிக்கலாம். கேட்ட பாட்டை மலையில் நிரையில் நிற்கும் பெண்ணின் வாயிலிருந்து பறிக்க முடியாது. நடேசய்யர் நாடகமும் எழுதினார். தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கி நூலும் எழுதினார். ஒரே செய்தி அச்சாகவும் பாட்டாகவும் நாடகமாகவும் மேடைப் பேச்சாகவும் போனது.

அட்டனும் ஊவாவும்

1931இல் அட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதல் தொழிற்சங்கம் இது. உலகப் பொருளாதார மந்தத்தால் தோட்டங்களில் கூலி வெட்டப்பட்ட காலம். கூலி ஏன் குறைந்தது, சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் முறையிடலாம் என்று கூட்டம் போட்டுச் சொல்ல ஓர் அமைப்பு வந்தது. 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

இங்கே அவருடைய குறையையும் சொல்ல வேண்டும். சம்மேளனம் பெரும்பாலும் அவரைச் சுற்றியே நின்றது. பணம், எழுத்து, பேச்சுவார்த்தை எல்லாம் அவர் கையில். சில ஆண்டுகளில் அது தளர்ந்தது. கங்காணி என்ற ஒற்றை வழியை உடைத்தவர், தன்னையறியாமல் தானே இன்னொரு ஒற்றை வழியாக நின்ற காலமும் உண்டு. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதும் தொழிலாளர் பெருமளவில் அந்தப் பக்கம் போனார்கள்.

1940இல் பதுளைப் பக்கத்து வெவஸ்ஸ தோட்டத்தில் நடந்தது வேறு விதம். அது நடேசய்யரின் சங்கம் நடத்திய போராட்டம் அல்ல. சமசமாஜக் கட்சியினரின் சங்கம் முன்னின்றது. வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசியே நிர்வாகம் நடத்துவதாகத் துரை ஒப்புக்கொண்டார். பின்னர் அடக்குமுறை வந்து அது நீடிக்கவில்லை. ஆனாலும் சில நாட்களுக்கு, ஊவாவின் ஒரு தோட்டத்தில் லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே கங்காணி இல்லாத, தலைவர் ஒருவரையே நம்பியிராத நேர்வழி இருந்தது. நடேசய்யர் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததன் பலன் அவருடைய சங்கத்துக்கு வெளியேயும் முளைத்திருந்தது.

மீண்டும் ஓர் எண்

1947 பொதுத்தேர்தலில் நடேசய்யர் தோற்றார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. பதுளையில் எஸ். எம். சுப்பையா வென்றார். அந்த ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி நடேசய்யர் காலமானார்.

அடுத்த ஆண்டு, ஷானனின் கட்டுரை வெளிவந்த அதே 1948இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1949இன் சட்டப்படி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். தொடர்ந்து வசித்ததற்கு ஆவணம் கேட்டார்கள். பிறப்பும் வேலையும் குடியிருப்பும் தோட்டக் கணக்கில் இருந்தன, தொழிலாளியின் கையில் இல்லை. ஏறக்குறைய 8 லட்சம் பேர் விண்ணப்பித்தும் சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. 1952 தேர்தலில் அவர்களுடைய குரலாகப் பாராளுமன்றத்தில் ஒருவரும் இல்லை. நடேசய்யர் 1925இல் திறந்த வாசல் மூடப்பட்டது.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரு அரசாங்கங்கள் பங்கிட்டன. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. துண்டுத் தாளில் ஒரு தொழிலாளியின் வாழ்வு ஓர் எண்ணானது போல, ஒப்பந்தத்தில் ஒரு சமூகம் மூன்று எண்களானது.

1977, 1983 வன்முறைகளில் அடிபட்டு, மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். இதை வாசிப்பவர்களில் சிலருடைய தாத்தாவோ பாட்டியோ ஊவாவில் கொழுந்தெடுத்தவராக இருக்கலாம். அந்தக் குடும்பங்கள் 2009ஐயும் அங்கேதான் சந்தித்தன. வெளியாள் நுழைய முடியாத நிலம், உள்ளே நடப்பதைச் சொல்ல வழியில்லாத மக்கள், இறந்தவர் எத்தனை பேர் என்பதில் முடிவடையாத சர்ச்சை. பெயர்கள் இருந்தும் எண் மட்டும் விவாதிக்கப்படும் நிலை அவர்களுக்குத் தலைமுறைகளாகப் பழகியது.

பண்டாரவளையைச் சுற்றி

2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். முதல்நாள் மாலை முகாமுக்குள் எழுந்த எதிர்ப்பு, விடிவதற்குள் ஊருக்குள் வதந்தியாகவும் சுவரொட்டியாகவும் பரவியிருந்தது. பொலிஸார் அங்கே இருந்தும் தடுக்கவில்லை. வதந்தியைத் திட்டமிட்டுப் பரப்பியவர்களுக்கும் கைகட்டி நின்றவர்களுக்கும் உள்ள பொறுப்பைத் தகவல் கோட்பாடு குறைக்காது. ஆனால் ஒன்றைக் காட்டும். முகாமுக்கும் ஊருக்கும் நடுவே பேசிக்கொள்ள ஒரு வழியும் இல்லாதபோது, இரைச்சலே செய்தியாகிவிடுகிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. செய்தி இருந்தது. ஆனால் போவதற்கு வேறு காணியும் வீடும் இல்லாதவர்களுக்கு எழுந்து போங்கள் என்ற செய்தியால் என்ன பயன்? எங்களுக்கு இடம் தாருங்கள் என்ற பதில், கொடுக்கக்கூடியவரைச் சென்றடைந்து நிலமாகத் திரும்பவில்லை. சுற்றின் ஒரு பாதி மட்டும் வேலை செய்தது.

தோட்டங்களில் பல இடங்களில் இன்றும் கடிதம் லயத்து வாசலுக்கு வருவதில்லை. வீட்டுக்குத் தனி முகவரி இல்லாததால் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலோ வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை மலையகத்தில் புதிதல்ல. எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறதே என்று கேட்கலாம். நூறு தொலைபேசிகளில் ஒருவர் அனுப்பியதே சுற்றிக்கொண்டிருந்தால் வழி ஒன்றுதான். கட்சி அமைப்பாளர் ஒருவர், சங்கப் பிரதிநிதி ஒருவர், குழு நிர்வாகி ஒருவர் என்று ஆள் மாறலாம். அவர் நல்லவராகவே இருந்தாலும், அவர் இல்லாத நாளில் ஊர் ஊமையாகிவிடும்.

நடேசய்யர் தன் காலத்தில் பத்திரிகை, சபை, சங்கம், சட்ட நூல், நாடகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். மீனாட்சியம்மை பாட்டைச் சேர்த்தார். ஒன்று அடைபட்டால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பது அவர்கள் நடைமுறையில் கண்டது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு லயத்திலும், வன்னியின் ஒவ்வொரு குடியிருப்பிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். மேட்டில் வெடிப்பு தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வோம்? அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் அடுத்தவர் யார்? அவரும் இல்லாவிட்டால் மூன்றாமவர் யார்? என்ன முடிவானது என்று திரும்பி வந்து நமக்குச் சொல்ல வேண்டியவர் யார்?